சாவைச் சொல்லாத ஜெபம்

நேதன் அண்ணா அகதி முகாமிலிருந்து, யாருடையதோ ஒரு கைப்பேசியில் ஒளித்து நின்று கதைத்தார். அவர் மாமாவின் மகன். சண்டை முடிகிற நேரம் முள்ளிவாய்க்காலில் என் அண்ணா ஜஸ்ரினைத் தன் கையாலேயே மணலுக்குள் தாட்டதாகச் சொன்னார். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தபடியால் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. அப்பா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேதன், நீ பயந்துபோய் இருக்கிறாய். வேறை ஆரையோ பாத்திட்டு அவன் எண்டு நினைச்சிட்டாய்," என்றா அம்மா.

"இல்லை மாமி, இல்லை மாமி," என்று அவர் அழத் தொடங்கினார். லைன் அறுந்துவிட்டது.

அன்று பின்னேரமே பாஸ்டர் வந்தார். மரணச் செய்தி பிசாசின் பொய் என்றார். ஜஸ்ரின் ஆண்டவரின் ஊழியனாகத் திரும்பி வருவான் என்று தீர்க்கதரிசனம் இருக்கிறது, அழுகிறவர்கள் அவிசுவாசிகள் என்றார். அந்தத் தீர்க்கதரிசனத்தைச் சொன்னவரும் அவர்தான். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில், நாங்கள் இருக்கிற வைலேயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் அண்ணா டெனிஷ் பெடியங்களோடு பியர் குடித்துக்கொண்டு நின்றதைச் சபையில் யாரோ கண்டு சொன்னபோது, "பிள்ளையைக் கிளிநொச்சிக்கு மாமாட்டை அனுப்புங்கோ, வேதாகமப் பள்ளியிலை ஒரு வருஷம் இருக்கட்டும்," என்று சொன்னவரும் அவர்தான். அண்ணா போக மாட்டேன் என்று குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தான். அம்மாதான் அவனுடைய பெட்டியை அடுக்கினா. ஒரு வருடம் முடியுமுன் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது.

ஆகவே எங்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லை. அம்மா முதியோர் இல்லத்து வேலைக்குப் போய் வந்தா. அப்பா கோழித் தொழிற்சாலைக்குப் போய் வந்தார். அண்ணாவின் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டார்கள். நான் சத்தம் கேட்காமல் இருக்கக் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவன் செத்துவிட்டான் என்று அம்மா ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஓர் அறையில் இருந்து அழலாம்.

அதற்கு முன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் வாய் திறக்கச் சொன்னால் ஒரு சொல்லும் வராது. கொமூன் என்கிற ஊர் நகரசபை என்னைக் காட்டு வேலைக்கு அனுப்பியது. கடல் நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் ஃபியோர்ட் கரையோரம் உள்ள பீச் மரக் காட்டில், கரடிநகம் என்று டெனிஷ்காரர் சொல்லும் களையைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். அதன் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்பளம் போடும். அதனால் கோடையிலும் முழுக்கைச் சட்டை.

என் சோடி லோனே என்ற டெனிஷ் பெண். கந்தோர் வேலையில் மனம் உடைந்து நீண்ட விடுப்பில் இருந்தவ. அவவையும் கொமூன்தான் அனுப்பியிருந்தது. அம்மாவின் வயது இருக்கும். சும்மா நிற்கும்போதே கண் கலங்கும். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

"உனக்குக் கதைக்க விருப்பமில்லை. எனக்குக் கேட்க விருப்பமில்லை. நல்ல சோடி," என்றா முதல் நாளே. ஆனால் அதற்குப் பிறகு அவதான் கதைத்தா.

அவவின் அப்பா யூதர். யூதர்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், சின்னப் பெடியனாக மீன்பிடிப் படகில் சுவீடனுக்குத் தப்பிப் போய், உலகப்போர் முடியத் திரும்பி வந்தவர். அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. மே நாலாம் திகதி ஊர் முழுக்க விடுதலைக்காக யன்னலில் மெழுகுதிரி வைக்கும்போது அவர் திரைச்சீலையை மூடிவிட்டுப் படுத்துவிடுவாராம். ஆனால் சனிக்கிழமை தவறாமல் மகளைக் காட்டுக்குக் கூட்டிப் போவார்.

"ஒரு சுள்ளி ஒடிக்க விடமாட்டார். ஒரு பூப் பிடுங்க விடமாட்டார். அது அப்பாவின் கிறுக்கு என்று நினைத்தேன். அவர் செத்த பிறகுதான் ஒரு புத்தகத்தில் வாசித்தேன், ஓய்வுநாளில் யூதர்கள் மரம் செடியிலிருந்து எதையும் பிடுங்கக்கூடாதாம். அந்த ஒரு நாள் உலகத்தை இருக்கிறபடியே விட்டுவிட வேண்டுமாம். அவர் என்னைக் கோயிலுக்குத்தான் கூட்டிப் போயிருக்கிறார். கோயில் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்."

பிறகு அவ கோப்பன்ஹேகனில் யூதக் கோயிலுக்குப் போயிருக்கிறா. அம்மா யூதப் பெண் அல்லாதபடியால் படித்துத்தான் உள்ளே வரவேண்டும் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து, சனிக்கிழமைகளில் தனியாகக் காட்டுக்குப் போகத் தொடங்கினா. பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு ஜெபம். செத்த அப்பாவுக்குப் பிள்ளை சொல்கிற ஜெபம்.

"அதில் சாவு என்ற சொல்லே இல்லை. முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனாலும் சொல்கிறேன். இடையில் ஆமென் சொல்ல ஆட்கள் வேண்டும். இங்கே யார் இருக்கிறார்கள்?"

ஒரு சனிக்கிழமை நானும் போனேன். லோனே மரங்களுக்கு நடுவே நின்று, தடக்கித் தடக்கி அதைச் சொன்னா. கீழே ஃபியோர்ட் தண்ணீர் தகரம்போலக் கிடந்தது. எங்கள் சபையில் ஆமென் என்றால் கூரை அதிரும். நான் அன்று சொன்னது எனக்கே கேட்கவில்லை, ஆனால் லோனே தலையாட்டினா. கையில் எதையும் எடுக்காமல், எதையும் மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து திரும்பினோம். வழியில் ஒவ்வொரு வரியின் கருத்தையும் டெனிஷில் எனக்குச் சொல்லித் தந்தா. யாரும் என்னை நம்பு நம்பு என்று நெருக்காத இடம் அது. அண்ணா செத்துப் போனதை அந்தக் காட்டுக்குள் என்னால் நினைக்க முடிந்தது.

ஒரு நாள் மழை. லோனே என்னைக் காரில் கொண்டுவந்து விட்டா. அவ யார் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால் அம்மா கதவை அகலத் திறந்தா.

"இஸ்ரவேலின் பிள்ளை எங்கட வீட்டை வந்திருக்கு! இஞ்சாருங்கோ, அந்தப் பண்டிச் சொசேஜை எங்கையாவது ஒளியுங்கோ."

"எங்கை ஒளிக்கிறது? பொரிச்சு மேசையிலை வைச்சிட்டியே," என்றார் அப்பா.

லோனே அதில் ஒன்றை எடுத்துக் கடித்தபடியே, தான் பன்றி சாப்பிடுவேன், தன்னை அங்கே யூதர் என்று சேர்க்கவில்லை, அப்பா மட்டும்தான் யூதர் என்று எல்லாவற்றையும் சொன்னா. அம்மா கையை வீசி அதைத் தள்ளிவிட்டா.

"எங்கட ஆக்களுக்கு அப்பா வழிதான் வழி. தகப்பன் யூதர் எண்டால் பிள்ளையும் யூதர். இதுக்கென்ன படிப்பு? சொல்லு பிள்ளை அவவுக்கு."

நான் சொன்னேன். லோனே அழுதா. தன்னை முழு யூதர் என்று முதன்முதல் ஏற்றுக்கொண்டது ஒரு தமிழ் வீடு என்றா. அம்மா அவவின் கையைப் பிடித்துக்கொண்டா. என் மகன் திரும்பி வர ஜெபம் பண்ண வேண்டும், யூதர் கேட்டால் ஆண்டவர் மறுக்க மாட்டார், சபைக்கு வாருங்கள் என்றா. சபைக்கு வரமாட்டேன், காட்டில் என்றால் சொல்கிறேன் என்றா லோனே. எந்த ஜெபம் என்று அம்மா கேட்கவில்லை.

அடுத்த நாள் தோண்டும்போது நானே கதையை எடுத்தேன். "அம்மா கேட்பது அண்ணா உயிரோடு வருவதற்கு."

"அப்படி ஒன்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்."

"அதையே சொல்லுங்கள்."

"கிருபா, அது எதற்கான ஜெபம் என்று உனக்குத் தெரியும்."

"அதில் சாவு என்ற சொல் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

லோனே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தா. "உன் அண்ணா செத்துவிட்டான் என்று நீ நம்புகிறாயா?"

"ஓம்," என்றேன். இந்தப் பேச்செல்லாம் டெனிஷில்தான். இந்த ஒரு சொல் மட்டும் தமிழில் வந்துவிட்டது. லோனேக்கு அது விளங்கியது.

சனிக்கிழமை அம்மா நல்ல சேலை கட்டி, மேலே குளிர் ஜாக்கெட் போட்டு, வேதாகமத்தோடு வந்தா. காட்டுக்குள் நின்றதும், ஜெபம் என்ன பாஷையில் என்று கேட்டா. அரமேயம் என்றா லோனே.

"இயேசப்பா கதைச்ச பாஷை!" அம்மா கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினா.

லோனே சொன்னா. நிறுத்திய இடமெல்லாம் அம்மா, "ஆமென், ஆமென் அப்பா," என்று சத்தமிட்டா. நானும் சொன்னேன். என் பக்கத்தில் நின்று அம்மா அண்ணாவுக்காக ஆமென் சொல்கிறா என்று நினைத்தேன். எனக்கு அது போதும் போல இருந்தது.

முடிந்ததும் அம்மா கண்ணைத் திறந்தா.

"ஜஸ்ரின்ரை பேர் எங்கை வந்தது?"

"பேர் வராது அம்மா. எல்லாம் கடவுளைப் புகழுறதுதான்."

"பேர் சொல்லாமல் என்ன ஜெபம்?" அம்மா லோனேயிடம் டெனிஷில் நேரே கேட்டா. "இது யாருக்குச் சொல்வது?"

லோனேக்குப் பொய் வராது. "இறந்தவர்களுக்கு," என்றா.

அந்தச் சொல்லை அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. முதியோர் இல்லத்தில் யாராவது இறந்தால் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்வது அம்மாவின் வேலைகளில் ஒன்று.

 அம்மா என் பக்கம் திரும்பினா.

"உனக்கு முதலே தெரியும்."

"நேதன் அண்ணா தன்ரை கையாலை தாட்டவர் அம்மா. நீங்களும் கேட்டனீங்கள்."

"சரி. அவன் செத்திட்டான். அப்ப அவனை அங்கை அனுப்பினது ஆர்? வாயைத் திற. ஆர் பெட்டி அடுக்கினது?"

 'நீங்கள் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். அது வரவில்லை. வராததை அம்மா பார்த்துக்கொண்டே நின்றா.

பிறகு அம்மா தன் வேலை இடத்து டெனிஷில், ஒவ்வொரு சொல்லாக, லோனேக்குச் சொன்னா: "உன் ஆட்கள் உன்னை எடுக்காதது சரி. நீ யூதர் இல்லை."

லோனேயின் முகம் மாறவில்லை. "இருக்கலாம்," என்றா. மரங்களுக்குள்ளால் தனியாக நடந்து போனா. திங்கட்கிழமை அவ வேறு குழுவுக்கு மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். பஸ் தரிப்பில் ஒரு தடவை கண்டேன். கையை மட்டும் காட்டினா.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "ஜெபிச்சவவோ?"

"ஓம். இயேசப்பா கதைச்ச பாஷையிலை," என்றா அம்மா. என்னைப் பார்க்கவில்லை.

அப்பா அதைப் பாஸ்டருக்குச் சொன்னார். பாஸ்டர் ஞாயிறு ஆராதனையில் மேடையிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டார். "சிஸ்டர் தேவமலர் சாட்சி சொல்ல வாறா. யூத சகோதரி ஒருவர் எங்கட ஜஸ்ரினுக்காக ஜெபிச்சிருக்கிறா, அல்லேலூயா!" அம்மா எழுந்து போய் நின்றா. வாய் திறக்கவில்லை. பாஸ்டர் என்னையும் கூப்பிட்டு மைக்கைத் தந்தார். "அம்மாவுக்கு ஆவியிலை பேச்சு வரேல்லை. தங்கச்சி, நீ சொல்லு. அந்த ஜெபத்திலை என்ன சொன்னவ?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தா. பொய் சொல் என்று பிடித்தாவா, உண்மையைச் சொல் என்று பிடித்தாவா, தெரியவில்லை. மைக்கில் என் மூச்சுச் சத்தம் கேட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். லோனே எனக்குச் சொல்லித் தந்தபடி, வரி வரியாக. அவர் படைத்த உலகத்தில் அவருடைய பெயர் பெரிதாகட்டும், என்றேன். முழுச் சபையும் ஆமென் என்றது. அவருடைய அரசு சீக்கிரம் வரட்டும், என்றேன். ஆமென் என்றார்கள். அப்பாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. உயரத்திலிருந்து சமாதானம் எங்களுக்கு வரட்டும், என்று சொல்லும்போது அம்மா உடைந்தா. நேதன் அண்ணா கதைத்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது அது. நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை," என்று நிலத்தில் குந்திவிட்டா.

பாஸ்டர் மைக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

"பாருங்கோ சபையே, ஆனந்தக் கண்ணீர்!" என்றார்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கீபோர்ட்காரர் ஒரு துள்ளல் பாட்டைத் தொடங்கினார். பெண்கள் ஓடிவந்து அம்மாவைத் தூக்கி நிறுத்தி, சிரித்துச் சிரித்து முத்தமிட்டார்கள். அப்பாவும் கைதட்டினார்.