பெட்ரோல் பங்கு சிடி

தெமிர்கானின் வீட்டு முற்றத்தில் குதிரை அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மெலிஸைப் பிடரியில் கைவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பனியில் வழிந்த ரத்தத்திலிருந்து ஆவி பறந்தது. மறுநாள் தெமிர்கானின் ஒரே மகன் துர்சுனுக்கு வருஷ நினைவு விருந்து; நாரின் என்ற அந்த ஊரில் பாதிப்பேர் சாப்பிட வருவார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனை இழுத்துக்கொண்டுதான் வரவேண்டுமா, ஒரு போன் போட்டால் வரமாட்டானா? வந்திருப்பான். ஆனால் அந்த வீட்டில் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை.

தெமிர்கான் ஒரு காலத்தில் மல்யுத்தக்காரன். அந்த உடம்பை வைத்துத்தான் இப்போது சந்தையில் யார் கடை போடலாம், யார் மூட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். கூடவே ஜோமார்ட் என்ற ஒரு தடியன். அண்ணன் கை நீட்டினால் இவன் கால் நீட்டுவான்.

"இது ஓட மாட்டேங்குது" என்றான் தெமிர்கான், மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டி. "பையனோட வீடியோப் படமெல்லாம் இதுலதான் இருக்கு. நாளைக்குச் சுவத்துல பெருசாப் போட்டுக் காட்டணும்."

மெலிஸ் திறந்து பார்த்தான். பெரிய சீக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கும் இடத்தில் ஏதோ கெட்டுப்போயிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் பத்திரமாகவே இருந்தது.

"படம் வேற எங்கயாவது இருக்காண்ணே? போன்ல?"

"அவன் போனை அவனைப் பொதைச்ச அன்னிக்கே சுவத்துல அடிச்சு ஒடைச்சுட்டேன். அதுக்கு முன்னாடி எவனோ சொந்தக்காரப் பய இதுல ஏத்தி வெச்சிருக்கான். இருக்கறது இதுதான்."

"ரெண்டு மணி நேரம் குடுங்க. கடைக்குக் கொண்டுபோய்ப் படத்தையெல்லாம் முதல்ல வேற ஒண்ணுல எடுத்து வெச்சுட்டு..."

"எம்புள்ள இந்த வீட்டை விட்டு இன்னொரு வாட்டி வெளிய போக மாட்டான்."

அவன் சொன்ன விதத்தில் மெலிஸுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் அதிக நேரம் நிலைக்கவில்லை. தெமிர்கான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினான். அவனுடைய பெட்ரோல் பங்கில் இருக்கும் கம்ப்யூட்டரோடு பெட்டியில் வந்த சிடி. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே கம்பெனி.

"இதைப் போடு. பங்குல ஒரு வாட்டி மக்கர் பண்ணுச்சு, இதைப் போட்டதும் புதுசாட்டம் ஓடுச்சு."

"அண்ணே, இது அந்தக் கம்ப்யூட்டரோட குடுத்த சிடி. ஒரே கம்பெனிங்கறதால இதுலயும் ஏறும். ஆனா ஏறும்போது உள்ள இருக்கறதெல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டு, கம்பெனியில இருந்து வந்த நாள் மாதிரி ஆக்கிடும்."

"சேணம் நான் வாங்கினது. குதிரையும் என்னுது. எந்தக் குதிரை மேல வேணா போடுவேன். அது எப்படிடா குதிரையைக் கொல்லும்?"

"சேணம் இல்லண்ணே, இது..."

முடிக்கவில்லை. காதோடு சேர்த்து விழுந்தது அறை. மெலிஸ் நாற்காலியோடு சாய்ந்தான்.

"கடைக்குத் தூக்கிட்டுப்போய்ப் படத்தைத் திருடி ஊரெல்லாம் காட்டலாம்னு பாக்கறான்ணே" என்று ஜோமார்ட் எடுத்துக்கொடுத்தான். "மெலிஸாம் மெலிஸு! மார்க்ஸு, லெனினுன்னு நாலு தாடிக்காரனோட மொத எழுத்தைச் சேத்துப் பேரு வெச்சிருக்கான் இவங்கப்பன். ஒருத்தனாவது வந்து காப்பாத்தறானா பாப்போம்."

"நாலாவது ஆளுக்குத் தாடி கிடையாது, மீசைதான்" என்றான் மெலிஸ், தரையிலிருந்தபடியே. வாய் சும்மா இருக்காதே. அதற்கு வயிற்றில் ஓர் உதை கிடைத்தது.

எழுந்து இரண்டாம் தடவையும் சொன்னான். "கடையில படத்தை எடுத்து வெக்கற பெட்டி ஒண்ணு இருக்கு, ஆளை அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, இங்கயே உக்காந்து..." தெமிர்கானிடம் இல்லை என்று ஒரு தடவை சொன்னவர்களே ஊரில் சொற்பம், இரண்டாம் தடவை சொன்னவன் யாருமில்லை. ஜோமார்ட் அவன் இடது கையை மேசைமேல் விரித்துப் பிடித்தான். தெமிர்கான் முற்றத்துக்குப் போய் எலும்பு உடைக்கும் கோடாலியோடு திரும்பினான். அதன் பின்பக்கம் சுண்டுவிரலில் இறங்கியது. தன் எலும்பு உடையும் சத்தத்தை மெலிஸ் தெளிவாகக் கேட்டான்.

"போடறியா?"

"போடறேன்."

சிடி சுற்றத் தொடங்கியது. நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

"என்ன எழுதியிருக்கு?"

இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று எழுதியிருந்தது. மெலிஸ் அதைப் படித்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான். அது பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. நிஜத்தைச் சொல்லி வாங்கியதெல்லாம் போதும் என்று அவனுக்குப் பட்டது.

"சரியான்னு கேக்குது. சரின்னா இந்தப் பொத்தான். நீங்களே அமுக்குங்கண்ணே, உங்க கையால."

தெமிர்கான் அமுக்கினான். மஞ்சள் கோடு ஒன்று மெதுவாக நீள ஆரம்பித்தது. மெலிஸுக்கு வலி மறந்தே போனது. அழி நாயே, உன் கையாலேயே உன் பிள்ளையை அழி என்று மனசுக்குள் கறுவினான். அப்படிப்பட்ட சந்தோஷத்தை அவன் அதற்குமுன் அறிந்ததில்லை.

அப்போது தெமிர்கானின் மனைவி தொக்தோபூபூ ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் தேநீருமாக வந்தாள். வாசல் மிதித்தவன் ரொட்டியில் ஒரு விள்ளலாவது வாயில் போடாமல் போகக்கூடாது; அந்த ஊரில் ரொட்டி அவ்வளவு புனிதம், அதன்மேல் கால் பட்டாலே பாவம். விரலைப் பார்த்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து மெலிஸின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டினாள்.

"மன்னிச்சுக்கோ தம்பி. இவருக்கு அழத் தெரியாது, அடிக்கத்தான் தெரியும்." முடிச்சுப் போட்டபடியே குரலைத் தாழ்த்தினாள். "ஊருக்குக் காட்டறது கெடக்கட்டும். அந்தப் படத்தையெல்லாம் ஒரு வாட்டி பாக்க உக்காந்தேன், மொத படத்துக்கு மேல முடியல. இப்ப ஒரு மாசமா அவன் மொகம் வருது, கொரல் வர மாட்டேங்குது. பெத்தவ நான், எனக்குப் புள்ள கொரல் மறந்துபோச்சு தம்பி. யாருகிட்டயும் சொல்லல. ஒரு வாட்டி கேட்டாப் போதும்."

கோடு திரையில் கால்வாசி தாண்டியிருந்தது. இவளை யார் இப்போது வரச் சொன்னார்கள் என்று மெலிஸுக்கு ஆத்திரம் வந்தது. அடித்தவனுக்குப் போட்ட அடி இவள்மேலல்லவா விழுந்துகொண்டிருக்கிறது! நிறுத்தினால் ஏனென்று கேட்பான். சொன்னால் கோடாலி இங்கேயே இருக்கிறது. கோடு இன்னொரு கட்டம் நகர்ந்தது.

மெலிஸ் மேசைக்கடியில் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தான்.

"அழிச்சுட்டிருக்கு! நான் பொய் சொன்னேன்! உங்க விரலை வெச்சே அழிக்க வெச்சேன்!"

அப்புறம் நடந்ததில் முறையென்று எதுவுமில்லை. தெமிர்கான் காலைப் பிடித்து அவனை வெளியே இழுத்தான். ஜோமார்ட்டின் பூட்ஸ் விலாவில் ஏறியது; உள்ளே ஏதோ முறிந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது, வாய் ரத்தத்தால் நிறைந்தது. தெமிர்கான் எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டே அடித்தான், மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தான். கோடாலி மேலே போனது.

தொக்தோபூபூ ரொட்டியை மெலிஸின் நெஞ்சின் மேல் வைத்தாள்.

கோடாலி அப்படியே நின்றது. எத்தனை பேர் எலும்பை உடைத்த கையானாலும் ரொட்டியின் மேல் இறங்க அதற்குத் துணிவில்லை. ஜோமார்ட் நீட்டிய காலைச் சட்டென்று இழுத்து, தடுமாறிச் சுவரில் மோதினான்.

"மிச்சம் இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியலக்கா. முன்பக்கம் போச்சு. பின்னாடி ஏதாவது தப்பிச்சிருக்கலாம்."

கடையிலிருந்த பெட்டியை ஜோமார்ட்டே போய்க் கொண்டுவந்தான். மெலிஸ் ஒற்றைக் கண்ணோடும் ஒன்பது விரலோடும் உட்கார்ந்து தோண்டினான். விலா குத்தும்போதெல்லாம் நிறுத்தி மூச்சு வாங்கினான். தெமிர்கான் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான். பதினோரு படங்களில் ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் இருபது நொடி. மெலிஸ் ஓடவிட்டான்.

ஆட்டுச் சடலத்துக்காகக் குதிரையில் மோதிக்கொள்ளும் பந்தயத் திடல். துர்சுன் விழுந்து கழுத்து முறிந்த நாள் அது, பந்தயம் தொடங்குமுன் துர்சுனின் போனில் யாரோ சிநேகிதன் எடுத்தது. துர்சுன் குதிரைப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி மறுக்கிறான். படத்துக்குள் ஒரு சாட்டை வருகிறது. அவன் தோளில் ஒரு தடவை, முகத்தில் ஒரு தடவை. "பொட்டைப் பயலே, ஊரே பாக்குது, ஏறுடா!" என்று தெமிர்கானின் குரல்.

"ஏறறேன்பா, அடிக்காதீங்க. ஏறறேன்" என்றான் துர்சுன். அதோடு படம் முடிந்தது.

தெமிர்கான் திரையை நோக்கி இரண்டடி வைத்தான், பிறகு வாசற்படிக்கே பின்வாங்கினான்.

தொக்தோபூபூ புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவன் கொரல்தான்" என்றாள். "இன்னொரு வாட்டி போடு தம்பி. சத்தமா போடு."