வான்னு ஒரு வார்த்தை

அந்த வண்டியை வந்த அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. குடைமிளகாய் பறிக்கிற எங்கள் பசுமைக்குடிலுக்குள், இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவே, சக்கரம் வைத்த மேஜை மாதிரி வந்து நின்றது. முன்னால் கண் மாதிரி இரண்டு விளக்கு. அதற்குக் கீழே சிரிக்கிற வாய் ஒன்றை ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை செய்கிற இடத்தில் காரணமில்லாமல் சிரிக்கிற யாரையும் நான் நம்புவதில்லை.

"மனுஷங்களை நடுவுல வெச்சு யோசிச்சு செஞ்ச மெஷின் இது," என்றாள் அதைக் கொண்டுவந்த இன்ஜினியர் பெண். "மெஷினுக்கு ஏத்த மாதிரி நீங்க மாற வேண்டாம். உங்களுக்கு ஏத்த மாதிரி அது மாறிக்கும்."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் அதுல கொஞ்சம் எடுத்து மாட்டி விடும்மா," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வரிசையில் நின்ற என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொல்லும் எதற்கும் அவள் சிரிக்க மாட்டாள். அவள் சொல்வதற்கு நானும் சிரித்தது கிடையாது, கணக்கு நேராகிவிட்டது.

வண்டி வந்ததே அவளுக்காகத்தான். கழுத்தெலும்பு தேய்ந்து ஆபரேஷன் ஆகி, கழுத்தில் பட்டையோடு வேலைக்குத் திரும்பியிருந்தாள். கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பறித்த காய் நிரம்பியதும் கிரேட்டைத் தூக்கிக்கொண்டுபோய் எடை மேடையில் வைக்க வேண்டும். அது இல்லாமல் இந்த வேலை இல்லை. முதலாளி சுற்றி வளைக்காமல் சொன்னார்: "பணம் போடுறவங்க இதைப் பார்க்க வர்றாங்க. அன்னைக்கு ஒழுங்கா ஓடிச்சுன்னா வண்டியும் இருக்கும், நீயும் இருப்ப. ஓடலன்னா ரெண்டு பேருக்கும் டாட்டா."

அவளுக்கு வேலை போனால் உனக்கென்ன என்று கேட்பீர்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. இருப்பது வாடகை வீடு. வேலை போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே வருவாள்? அண்ணன் வீட்டுக்கு. அதாவது என் வீட்டுக்கு. என் வாசலில் வந்து நிற்பாள். நான் கதவைத் திறந்து அவளைப் பார்த்து 'வா' என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு என் நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம்.

இந்த 'வா' விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி முதல் குழந்தை பிறந்திருந்த சமயம். நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் மழைத் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. கைக்குழந்தையோடும் நனைந்த மூட்டையோடும் இவள் வீட்டு வாசலில் போய் நின்றோம். கதவைத் திறந்தாள். அவள் அண்ணனைப் பார்த்து, "வாண்ணா." குழந்தையை வாங்கிக்கொண்டு, "வாடா செல்லம்." அப்புறம் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பல் முளைக்காத குழந்தைக்கு ஒரு 'வா' இருந்தது, எனக்கு இல்லை. என் சேலையிலிருந்து தண்ணீர் அந்த வாசலில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அவசரத்துல மறந்திருப்பா," என்று என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கோபம் தலைக்கேறாத நாட்களில் நானும் அப்படித்தான் இருக்குமோ என்று நினைத்ததுண்டு. நினைத்தேனே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். "சாப்பிட்டாச்சா?" என்பேன். "உங்க அண்ணன் உள்ளதான் இருக்கார்," என்பேன். அந்த ஓர் எழுத்து மட்டும் என் வாயிலிருந்து வராது.

இப்போது வண்டிக்கு வருவோம். அதற்குத் தெரிந்தது மூன்றே சொல். 'வா' என்றால், ஆள் எங்கே என்று அதற்குக் காட்டிக்கொடுக்கிற வில்லையை இடுப்பில் மாட்டியிருக்கிறவரிடம் வரும். 'நில்லு' என்றால் நிற்கும். 'போ' என்றால் பக்கத்தில் இருக்கிற கிரேட்டைத் தானே தூக்கிக்கொண்டு எடை மேடைக்குப் போகும். வில்லையை நாத்தனார் இடுப்பில் மாட்டிவிட்டார்கள். அவள் கூப்பிட்டாள். வண்டி சிரித்துக்கொண்டே நின்றது. ஆபரேஷனில் அவள் குரல் கம்மிப்போய்விட்டது. வாயிலிருந்து காற்றுதான் வந்தது, குடிலில் ஓடுகிற பெரிய ஃபேன்கள் அதையும் விழுங்கிவிட்டன.

"ஒரு பட்டன் வெச்சுக் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"பட்டன் வெச்ச மாடல் அடுத்த வருஷம்தான் வருதுக்கா," என்றாள் இன்ஜினியர் பெண். "பக்கத்து வரிசைல சத்தமான குரல் யாருக்காவது இருந்தா, அவங்க குரலைப் பதிஞ்சுக்கலாம்."

குடிலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

முதலில் 'போ' பதிந்தோம். வண்டி நாத்தனாரின் காலடியில் நின்றதால் அந்தப் பக்கம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் வண்டியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்து "போ" என்றேன். ஒரே தடவையில் பதிந்துவிட்டது. "சூப்பர்க்கா, ரொம்ப இயல்பா வருது," என்றாள் அந்தப் பெண். இயல்பாக வராமல் என்ன செய்யும்? 'நில்லு'ம் பிரச்சினை இல்லை. அடுத்து 'வா' சொல்லச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன்.

"வேற வார்த்தை வெச்சுக்கலாமே. 'நட', 'கிளம்பு', 'வந்து தொலை'ன்னு ஏதாவது."

"இல்லக்கா, இந்த மூணுதான்."

"எனக்கு ஏத்த மாதிரி மாறிக்கும்னு சொன்னியே?"

அவள் டேப்லெட்டைத் தடவினாள். நாத்தனார் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுவிட வேண்டியதுதானே, சொல்லுங்க அண்ணி என்று? கேட்க மாட்டாள். அவ்வளவு திமிர்.

வீட்டில் வந்து சொன்னேன். "மெஷினைப் பார்த்துத்தானேடி கூப்பிடுற, அவளைப் பார்த்தா கூப்பிடுற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மெஷின் அவகிட்டதான வருது? அப்ப யாருக்கு நான் வா சொல்றேன்?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சரி, சொல்லாத. அவ இங்க வந்துட்டா முன்ரூமைக் கொடுத்துடலாம்."

மறுநாள் காலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அப்படி ஒரு 'வா'வுக்கு எந்த நாயும் வாலாட்டாது, ஓடித்தான் போகும். "பதிஞ்சிடுச்சுக்கா," என்றாள் இன்ஜினியர் பெண். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. வார்த்தையை மட்டும் இல்ல, நீங்க சொல்ற விதத்தையும் சேர்த்துத்தான் அது பிடிச்சு வெச்சிருக்கு. சும்மா பேசும்போது யாரையாவது 'வா'ன்னா ஓடி வந்துடக் கூடாதுல்ல."

அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. நாள் முழுக்க அவளுக்காக வண்டியைக் கூப்பிட வேண்டியிருந்தது, நாள் முழுக்க எனக்கு எரிச்சலாகவே இருந்தது. வண்டி நாய்க்குட்டி மாதிரி ஓடி ஓடி வந்தது. ஒரே ஒரு நாள் சொதப்பியது. என் மகள் போன் செய்து, தான் மாசமாக இருப்பதாகச் சொன்ன அன்று. நான் எத்தனை தடவை கூப்பிட்டும் வண்டி அசையவில்லை. நாத்தனார் நிரம்பிய கிரேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"சந்தோஷமா இருந்தா அது வராது அண்ணி," என்றாள் அந்தக் காற்றுக் குரலில்.

என் சந்தோஷத்தில் கண் வைக்க இவள் யார் என்ற ஆத்திரத்தில் அடுத்த 'வா' வந்தது. வண்டியும் வந்தது.

பணம் போடுகிறவர்கள் வந்த நாளில், குடிலைக் கூட்டிப் பெருக்கி, எங்களுக்கெல்லாம் புது ஏப்ரன் கொடுத்தார்கள். வந்தவர்கள் ஷூவுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வரிசையின் ஓரத்தில் நின்றார்கள். முதலாளி என் காதருகே வந்து, "சிரிச்ச முகமா கூப்பிடும்மா. அவங்க முன்னாடி வள்ளுன்னு விழாத," என்றார்.

நாத்தனாரின் கிரேட் நிரம்பியது. அவள் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வா," என்றேன் சிரித்த முகமாக.

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"வா."

இன்ஜினியர் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. முதலாளியின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தது. சரி, சிரிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கோபத்தை வரவழைக்கப் பார்த்தேன். மூக்குக்கு மேல் எனக்கு எப்போதும் நிற்கிற கோபம் அன்றைக்கென்று எங்கே போய் ஒளிந்ததோ. பயம்தான் வந்தது. பெட்டியோடு அவள் என் வாசலில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது என் குரல் கெஞ்சியது. வண்டிக்கு அந்தக் குரலைத் தெரியவே தெரியாது.

வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாத்தனார் குனிந்தாள். கிரேட்டின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துத் தூக்கப் போனாள். கழுத்துப் பட்டை அவள் தாடையில் குத்தி நின்றது.

"ஏய், தூக்காதடி," என்றேன். இவளுக்காக நான் பதறியது இதுதான் முதல் தடவை, அது எனக்கே பிடிக்கவில்லை.

கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். செடிகளை விலக்கிக்கொண்டு என் வரிசைக்குள் வந்து, என் காதோடு வாயை வைத்தாள்.

"அன்னைக்கு நான் மறக்கல அண்ணி. வேணும்னேதான் சொல்லல. இந்த மூஞ்சிக்கு ஒரு 'வா' கேடான்னு நெனச்சேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. இத்தனை வருஷமும் ஓரத்தில் மிச்சம் வைத்திருந்த 'மறந்திருப்பாளோ' அப்போது போனது. வாடி வெளியே, உன் வாயைக் கிழிக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வா—"

வண்டி பாய்ந்து வந்தது. வரிசையின் ஓரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மிச்ச வார்த்தையெல்லாம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவளைத் தேடி வண்டி என் வரிசைக்கே வந்துவிட்டதால், காய் கொட்டிவிடாமல் இரண்டு பேர் கிரேட்டைக் கொண்டுவந்து அதில் ஏற்றினார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்து "போ" என்றேன். வண்டி எடை மேடைக்குப் போனது. "மனுஷங்களுக்கும் மெஷினுக்கும் நடுவுல எவ்வளவு நல்ல புரிதல்," என்று வந்தவர்களில் ஒரு அம்மா முதலாளியிடம் சொன்னார். இன்னும் சில வண்டி வாங்குவதாகப் பேச்சு. அவளுக்கு வேலை நிலைத்துவிட்டது.

சாயங்காலம் கை கழுவுகிற குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"நிஜத்தைச் சொல்லு. வண்டி வரணும்னு சொன்னியா, இல்ல அன்னைக்கு நிஜமாவே வேணும்னு செஞ்சியா?"

விரல் இடுக்கிலெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினாள். குழாயை மூடினாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டுந்தான் அண்ணி," என்றாள்.

பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்காரரிடம் நான் எதையும் சொல்லவில்லை. வண்டி ஓடிச்சா என்று கேட்டார், ஓடிச்சு என்றேன். பாவம், தங்கச்சி மறந்திருப்பாள் என்றே அவர் இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலை முதல் கிரேட் நிரம்பியதும் அவள் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு என் குரலுக்கு அந்த வண்டி ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.