அடுப்பருகே மிஞ்சியவள்

புதுச்சேரி உப்பளத்தில் பூட்டுக்கடை வைத்திருக்கும் அப்துல் முத்தலிப்பின் மனைவி சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை நான்கு பேரானாள். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் அவசரம். "இந்தா, என் தொப்பி எங்க?" என்று கணவர் கூடத்திலிருந்து கேட்டார். "மருமவளே, வெந்நீரு" என்றார் மாமியார். மகன் ஹாதி மாடியிலிருந்து, "அம்மா, சட்டை!" என்று கத்தினான். மூன்று பக்கமும் மூன்று பேராக அவளே போனாள். நான்காவதாக ஒருத்தி அடுப்பருகே மிஞ்சி நின்றாள்.

தெருவே வாயடைத்துப் போனது. வீட்டாருக்கோ அந்த அதிர்ச்சி மதியச் சோற்றோடு தீர்ந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஆளுக்கொருத்தி என்றால் கசக்குமா? நான்காமவளை மட்டும் யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. ரம்ஜான் வருவதற்குள் அவள் வெளிறிப்போய், அவள் உடம்பு வழியாகப் பின்சுவர் காலண்டரின் தேதி தெரிய ஆரம்பித்தது. அன்றுதான் முத்தலிப் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மனநல டாக்டர் சந்திரகலா நான்கு பேர் என்றதற்கு அசரவில்லை. மனுஷர் எல்லாருமே பார்க்கிறவருக்கு ஒருத்தராகப் பல பேர்தான் என்றார்.

"அந்த நாலாவது ஆள என்னன்னு கூப்பிடறீங்க?"

"கூப்பிடறதில்லீங்க."

"பேர் சொல்லிக்கூடவா?"

"அம்மா முன்னாடி பொண்டாட்டிய எப்படிங்க பேர் சொல்லிக் கூப்பிடறது?"

டாக்டரின் கையிலிருந்த பேனா நழுவியது. "கல்யாணம் ஆகி இருபது வருஷமாவா? அடக் கடவுளே! போங்க, போய்க் கூப்பிடுங்க. இல்லன்னா ஆளு இருக்கமாட்டாங்க."

அவர் வீடு திரும்பியபோது அடுப்பருகே ஒரு புடவைக் கரைதான் மிச்சமாகத் தெரிந்தது. பூட்டு பூட்டாகத் திறந்து பிழைக்கும் மனிதருக்குத் தன் வாய் திறக்கவில்லை, பாவம். கூடத்தில் அம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் முத்தலிப் கண்ணை மூடிக்கொண்டு, "ஜஹபர் நிஷா!" என்று அலறினார். அம்மாவின் கையிலிருந்த மணி நின்றது. மற்ற மூவரும் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல வேலையைப் பார்த்தார்கள். அடுப்பருகே ஒரு முகம் திரும்பியது.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மாதான் கூப்பிட்டேன்."

அவள் திகைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. யா அல்லாஹ், கனம் வந்துவிட்டது என்று முத்தலிப் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போதும் அந்த வீட்டில் நால்வரும் இருக்கிறார்கள். முத்தலிப் தினமும் ஒரு காரணமும் இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சில நாள் அவள் வருகிறாள். சில நாள், "இப்ப முடியாது" என்கிறாள்.