மரத்தடியில் புளிப்பு

விடியும்போது மப்ரூகாவின் சித்தப்பா ஹம்மா, பேரீச்சமரத்து உச்சியிலிருந்து பானையை இறக்கினார். கேபிஸ் பாலைவனச் சோலையில் லக்மிப் பதநீர் என்றால் அவர் மரத்து லக்மிதான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் குவளையோடு நின்றார்கள். மப்ரூகாவும் வாங்கிக் குடித்தாள். இறக்கிய கையோடு குடிக்கும் பதநீர், நல்ல இனிப்பு. குனிந்து மரத்தடியை முகர்ந்தாள். அங்கே புளித்த வாடை.

"என்ன டாக்டரம்மா, மரத்துக்குக் காய்ச்சலா?"

"ஆமா சித்தப்பா. தொட்டுப் பாருங்க, சுடுது."

சிரித்தார்கள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். படித்தது பூச்சிகளின் குடலில் வாழும் பாக்டீரியாவை. அது எதற்கு உதவும் என்று ஒருவரும் கேட்டதில்லை. சிவப்புக் கூன்வண்டின் புழு தண்டைத் தின்று தள்ளும் சக்கையை அந்தப் பாக்டீரியா நொதிக்க வைக்கும். மரம் உள்ளுக்குள் சூடேறிப் புளிக்கும். வேறு ஊரென்றால் வாசத்திலேயே பிடித்திருப்பார்கள். இங்கே மதியத்துக்குள் லக்மியும் புளித்துவிடும். லக்மி மரம் புளிக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் தாண்டிப் போனார்கள்.

"மேலேர்ந்து சொட்டினது புளிச்சிருக்கும்" என்றார் அப்பா மன்சூர்.

"சொட்டினா சுத்தியும்ல புளிக்கணும்? இந்த ஒரு பக்கம் மட்டும் ஏன்?"

"படிச்ச திமிரு" என்றார் சித்தப்பா. "பானை கழுவத் தெரியாது, மரத்துக்கு நாடி பாக்குறா."

உச்சியைச் சீவும் கத்தியைக் கீழே வைத்திருந்தார். மப்ரூகா அதை எடுத்து, அடிமரத்தில் ஒட்டியிருந்த பழைய மட்டையின் அடியைப் பிளந்தாள். ஈரமாகப் பழுப்புச் சக்கை கொட்டியது. பின்னால் கட்டைவிரல் தடிமனில் புழுக்கள். நாரில் பின்னிய கூடு ஒன்றும் வந்தது. அது காலி.

குவளையோடு நின்றவர்கள் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"மூடு அதை" என்றார் அப்பா. "மருந்து ஊத்திக்கலாம். விவசாய ஆபீசுக்குத் தெரிஞ்சா மரத்தையே எரிச்சுப்புடுவாங்க."

"எரிக்கத்தான் வேணும். இந்தக் கூட்டு வண்டு பறந்தாச்சு, மத்ததும் பறக்கும். அப்புறம் ரிதா மாமா மரம், அதுக்கப்புறம் சோலையே இருக்காது."

பக்கத்துத் தோட்டத்து ரிதா குவளையைக் கீழே வைத்தார்.

"போன் பண்ணினே, எங்க வீட்டுப் படி மிதிக்காதே" என்றார் சித்தப்பா. சீவிய காயத்தின் வாசத்துக்குத்தான் வண்டு வரும் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் எதிரிலேயே போன் செய்தாள்.

மதியத் தொழுகைக்கு முன் விவசாய ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். வாய்க்கால் உடையாமல் அந்த மரத்தைச் சாய்க்க ஹம்மாவுக்குத்தான் தெரியும். அவரே கயிறு கட்டினார். துண்டுகளைக் குழியில் போட்டு எரித்தார்கள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ரிதா தன் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தடியாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். மப்ரூகா வாய்க்காலைத் தாண்டி அவர் பின்னால் போனாள். அவர் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை.