பூவரசம் பிடி

சாட்சி பல்டி அடித்து, குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையான கொலை வழக்குகளின் அரிவாள்கள், மதுரையில் ஒரு செஷன்ஸ் கோர்ட்டின் சான்றுப் பொருள் அறையில், பிடியிலிருந்து துளிர்த்துக்கொண்டிருந்தன. தண்டனை ஆன வழக்குகளின் பிடிகள் வெறும் கட்டையாகவே கிடந்தன. பூவரசம் பிடிகள் மண்ணும் தண்ணீரும் கேட்காமல் கொப்பு விட்டு, ஜன்னல் கம்பி வழியாக வெளியே வந்து, மஞ்சளாய்ப் பூத்தன. அந்த நிழலில் ஸ்கூட்டர் நிறுத்த வக்கீல்கள் சண்டை போட்டார்களே தவிர, வேறு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

திருவாதவூர் சத்யப்ரியா அங்கே அரசு வக்கீலாகச் சேர்ந்த நாளில், கொப்புகளை வெட்ட ஆள் வந்திருந்தது. கொப்பும் சான்றுப் பொருளின் பகுதிதான், வெட்டினால் சாட்சியத்தைச் சிதைத்ததாக ஆகும் என்று மனு போட்டு நிறுத்தினார். மேல்முறையீட்டுக் காலம் முடிந்தால் சான்றுப் பொருளை அழித்துவிடுவார்கள். அதனால் தோற்ற வழக்கு ஒவ்வொன்றுக்கும் மேல்முறையீடு செய்யச் சொல்லி அரசுக்கு எழுதினார். பிடிவாதக்காரி என்றார்கள். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்ச் சாட்சிகளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வருவார். ஆனால் கேஸ் விசாரணைக்கு வருவதற்குள் இரு தரப்பும் காவல் தெய்வத்தின் முன்னால் திருநீறு வாங்கிச் சத்தியம் செய்து சமாதானம் ஆகியிருக்கும். அந்தச் சத்தியத்தை மீற ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. கூண்டுச் சத்தியத்தை மீற ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

முத்துத்தாய் வழக்கில் அப்படி ஆகாது என்று சத்யப்ரியா மனதார நம்பினார். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர்முறைத் தகராறில் மகன் பேச்சிமுத்து வெட்டுப்பட்டபோது முத்துத்தாய் பக்கத்துப் பாத்தியில் நின்றார். வெட்டியவன் விருமாண்டி என்று போலீஸில் சொன்னதும் அவர்தான். ஆனால் விருமாண்டியின் தம்பிக்குத்தான் மகள் தமிழ்ச்செல்வியைக் கட்டிக் கொடுத்திருந்தது. தாய் சாட்சி சொன்னால், வயிற்றுப் பிள்ளையோடு மகளை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்கள். கூண்டில் ஏறிப் பெயர் சொல்ல மாட்டேன் என்று முத்துத்தாயும் திருநீறு வாங்கியிருந்தார். அது சத்யப்ரியாவுக்குத் தெரியாது.

விசாரணை நாளில் அரிவாளை மேசைமேல் வைத்தார்கள்.

“வெட்டுனது யாரும்மா?”

“மொகம் தெரியல தாயி. கண்ணு இருட்டிருச்சு.”

பிடியில் ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. சத்யப்ரியா எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். மகனைப் பறிகொடுத்தவரை, தான் அழைத்து வந்த சாட்சியையே, பொய்க்காரி என்று நிரூபிக்க வேண்டும். கசப்பான வேலை. ஒரு கேள்வியையும் விடாமல் கேட்டார்.

“விருமாண்டின்னு போலீஸ்ல சொன்னீங்களா, இல்லையா?”

“சொல்லல.”

“மகன மடியில போட்டுக்கிட்டுக் கத்தினீங்களே?”

“எம்மகன் பேரத்தான் கத்துனேன். வேற பேரு வாயில வரல.”

பதிலுக்கொரு கொப்பு வளர்ந்தது. நீதிபதிக்குச் சாட்சியின் முகம் மறைந்ததால் டவாலி சோணை இலைகளை விலக்கிப் பிடித்துக்கொண்டார். விசாரணை தடையின்றி நடந்து முடிந்தது. விருமாண்டி விடுதலையானான்.

அடுத்த ஆண்டு, விசாரணை எதுவும் இல்லாத ஒரு நாளில் முத்துத்தாய் இடுப்பில் பேரனோடு கோர்ட்டுக்கு வந்தார்.

“அண்ணே, எம்மகன் கேஸு கொப்பு எது?”

ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்டிருந்த ஒன்றைச் சோணை காட்டினார். முத்துத்தாய் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். விருமாண்டி எந்த வரப்பில் வந்தான், எந்தக் கையில் அரிவாள் இருந்தது, விழுந்த மகன் எப்படித் தண்ணீர் கேட்டான் என்று எல்லாவற்றையும் சொன்னார். கேஸ் கட்டோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சத்யப்ரியா நின்றுவிட்டார். முத்துத்தாய் திரும்பிப் பார்த்தார்.

“கூண்டுலதான் சொல்ல மாட்டேன்னு சத்தியம் தாயி. இங்கிட்டு சொன்னா சாமி கோவிக்காது.”

தீர்ப்பு எப்போதோ ஆகிவிட்டது. வெளியே சொன்னது செல்லவும் செல்லாது. ஆனாலும் நீதிபதி முன்னால் நிற்பதுபோலக் கவுனைச் சரிசெய்துகொண்டு, கடைசி வார்த்தை வரை சத்யப்ரியா நின்று கேட்டார்.

“அம்புட்டுத்தான் தாயி. பதிஞ்சுக்கிட்டீகளா?”

“பதிஞ்சாச்சும்மா.”

குழந்தை ஒரு பூவுக்குக் கை நீட்டியது. அது வழக்குச் சொத்து, பறிக்கக் கூடாது. சத்யப்ரியாவே பறித்துக் கொடுத்தார்.