பாம்புச் சட்டை மருந்து

சோலையப்பனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கையில் சீன மருந்து டப்பா. கொண்டுவந்து கொடுத்தவர் கப்பல் சமையல்காரர் செய்கு அலாவுதீன். சிங்கப்பூரில் ஒரு சீனர் மருந்துக் கடையில் வாங்கியது.

அரபு நாட்டில், ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலைக்கு வந்த ஏழே மாதத்தில் சோலையப்பனின் இரண்டு கைகளும் வெடித்துப் புண்ணாகிவிட்டன. பத்து நாளில் மெடிக்கல். அதற்குள் ஆறாவிட்டால் விசா கேன்சல், மூட்டையைக் கட்டு என்று ஃபோர்மேன் கறாராகச் சொல்லிவிட்டான். ஊரிலோ அவனை நம்பி ஆறு வயிறு.

மூடியில் படமெடுத்து நின்ற பாம்பைப் பார்த்ததும் அவனுக்குப் பகீரென்றது. நாகம்மாளைக் கும்பிடும் குடும்பம் அவனுடையது.

"உள்ள என்ன பாய்?"

"பாம்புத் தோலு, சில்வண்டுத் தோலு. வறுத்துப் பொடிச்சு எண்ணெயில கொழச்சிருக்கான். சொறி, அரிப்புக்கெல்லாம் சீனன் இதத்தான் பூசுறான்."

"கொன்னு உரிச்சதா?"

"இல்ல தம்பி. அதுகளா கழட்டிப் போட்ட சட்டை."

போன உயிர் திரும்பி வந்தது. நாகம்மாளே தன் சட்டையைச் சீனா வழியாக அனுப்பி வைத்திருக்கிறாள்! அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டப்பாவுக்குக் குங்குமம் வைத்தான். குளித்துவிட்டுப் பூசினான்.

காலையில்தான் சிக்கல் வந்தது. அம்மன் சட்டை பூசிய கையை சிமெண்டில் விடுவதா? கம்பெனி கையுறையைக் கண்ணில் காட்டியதே இல்லை. பிளாஸ்டிக் பைகளைத் தேடிப் பொறுக்கிக் கையில் மாட்டி, மணிக்கட்டில் சணலால் இறுக்கிக் கட்டினான். தொழிலாளர் கேம்பே சிரித்தது. ரூமில் கூட இருந்த கார்மேகம், "கைக்கு மழைக்கோட்டா மாப்ள?" என்றான். சோலையப்பன் அசரவில்லை. மாலையில் பையை அவிழ்த்ததும் கையை விளக்கடியில் பிடித்துப் பார்ப்பான். நாலாம் நாள் அரிப்பு நின்றது. எட்டாம் நாள் புண் மூடியது. ரூம் ரூமாக ஓடிக் கையைக் காட்டினான்.

மெடிக்கல் அன்று, மதராஸிலிருந்து வந்திருந்த டாக்டர் ஷியாமளா அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஃபிட்" என்று எழுதினார். சோலையப்பன் குதிக்காத குறைதான். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "பாம்புமில்ல, வண்டுமில்ல. உங்க கையைக் காப்பாத்தினது அந்தப் பிளாஸ்டிக் பைதான். சிமெண்ட் கையில படலை, புண் ஆறிடுச்சு. இதை முதல் நாளே செஞ்சிருக்கலாமே."

சோலையப்பன் அவரை வியப்போடு பார்த்தான்.

"முத நாளு எதுக்கு டாக்டரம்மா பை கட்டணும்? அப்ப அது வெறும் என் கைதானே."