மெரிவெதரின் விமானம் போன ஊர்

எங்கள் டென்மோர் காலேஜின் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் கடைசி ஆட்டத்தில் 41-3 என்று தோற்றது. மறுநாளே கோச்சைத் துரத்திவிட்டார்கள். அன்றிலிருந்து லூசில் நடத்தும் ஓட்டலில் யாருக்கும் காலைச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. அடுத்த கோச் யார் என்று பேசிப் பேசியே எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போனது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட இத்தனை சண்டை நடக்காது.

செவ்வாய்க்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது கசாப்புக் கடை கிளீட்டஸ் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஹோல்கம்தான் வரணும். நம்மள நாப்பத்தோரு பாயின்ட் அடிச்சது அவன் டீம். அடிச்சவனையே கூட்டியாந்துட்டா அப்புறம் எவன் நம்மள அடிப்பான்?"

"உன் மூளையையும் கொத்துக்கறிக்குப் போட்டுட்டியா?" என்றார் ஸ்கூல் பஸ் ஓட்டும் ஓடெல். "பசங்கள மாடு மாதிரி ஓட்டுறவன்டா அவன். அந்தப் பிரூவிட் வரட்டும். சின்ன வயசு, நல்ல தலை."

"பிரூவிட்டா? அவனுக்கு இன்னும் அவங்கம்மாதான் சட்டை இஸ்திரி போட்டுக் குடுக்குறா!"

ஓட்டலே சிரித்தது. பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"வெர்லீன் அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. விமானம் எங்க போச்சு?"

எங்கள் பக்கத்தில் புது கோச் யாரென்று பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, விமானத்தைப் பார்த்துத்தான். காலேஜுக்குப் படியளக்கும் பணக்காரரின் சொந்த விமானம் எந்த ஊரில் இறங்குகிறதோ அந்த ஊர்க்காரன்தான் அடுத்த கோச். எல்லாரும் போனில் அதைப் பின்தொடர்ந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் மர ஆலை மெரிவெதர் விவரமானவர். காலேஜில் அவர் கை காட்டுகிறவன்தான் கோச்; தன் விமானம் போனில் தெரியாதபடி செய்துவிட்டார். ஊர் விமானத் தளத்தில் அதற்கு எண்ணெய் நிரப்புகிறவள் நான். இருபது வருஷத்தில் யார் எங்கே பறந்தார்கள் என்று ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

அன்று காலை பைலட் என்னிடம் சொன்னான்: "கெல்ஸோ போய்ட்டு வரணும்க்கா, ரொப்பிடுங்க. மூச்சு விட்றாதீங்க. கையெழுத்தாகுறதுக்கு முன்னாடி விஷயம் கசிஞ்சா பெரியவர் அந்தாள அங்கேயே விட்டுட்டு வந்துடுவார். போன தடவ ஒருத்தன அப்பிடித்தான் விட்டார்."

கெல்ஸோ கோச்தான் ஹோல்கம்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் இங்கே உதவி கோச்சாக இருந்தான். என் மகன் டல்லி அவனிடம் ஆடினான். முழங்கால் சுரைக்காயாக வீங்கிக் கிடந்த பிள்ளைக்கு ஊசி போட வைத்து, கடைசிக் கால் மணி நேரம் ஆட அனுப்பினான். முழங்கால் தசைநார் கிழிந்துபோனது. ஆஸ்பத்திரிப் பக்கம் அந்த ஆள் தலைகூடக் காட்டவில்லை. அடுத்த வருஷம் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். டல்லி இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து டயர் மாற்றுகிறான். சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் ஹோல்கமின் பெயரைச் சொல்லிச் சபித்துக்கொண்டிருப்பேன். ஆண்டவருக்குத் தெரியும், ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை.

போன வாரம்தான் அவன் நெஞ்சில் கை வைத்து, "உங்கள விட்டு எங்கயும் போகமாட்டேன்" என்று தன் கெல்ஸோ டீம் பையன்களிடம் கேமரா முன்னால் சத்தியம் பண்ணியிருந்தான்.

காபியைக் கீழே வைத்தேன்.

"கெல்ஸோவுக்குப் போயிருக்கு. ஹோல்கமைக் கூட்டியாரத்தான். எட்டு மணிக்குக் கெளம்புச்சு."

"நெசமாவா அக்கா?"

"நானே எண்ணெய் ஊத்தினேன்டா."

பதினைந்து பேரும் போனைத் தட்டினார்கள். கிளீட்டஸ் மட்டும் எழுந்து நின்று ஆடினான், பைத்தியக்காரன்.

மத்தியானத்துக்குள் கெல்ஸோ பையன்கள் ஹோல்கமின் காரைச் சூழ்ந்துகொண்டு கத்துவதை நாடே பார்த்தது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் வேண்டாம் என்று அந்தக் காலேஜும் அவனை வெளியே தள்ளியது. மூன்று மணிக்கு விமானம் திரும்பி வந்தது. மெரிவெதர் தனியாக இறங்கினார். பைலட் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வேலை போகும் என்று புரிந்தது. போகட்டும். அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் அந்த ஆள் தெருவில் நிற்கிறான். ஒன்பது வருஷம் கழித்து அன்றுதான் என் வயிறு குளிர்ந்தது.

லூசிலிடம் டல்லிக்குப் பிடித்த இனிப்பு அப்பம் ஒன்றை முழுசாக வாங்கிக்கொண்டு டயர் கடைக்கு வண்டியை விட்டேன். "நான்தான்டா செஞ்சேன், உன் அம்மாதான் செஞ்சா." வழியெல்லாம் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாக இருந்தது.

டல்லி ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் புதுசாக ஒரு விசில் தொங்கியது.

"கேள்விப்பட்டியாம்மா?" என்றான். "ஹோல்கம் ஞாயித்துக்கிழம எனக்குப் போன் பண்ணார். மன்னிச்சுக்கோன்னார். இங்க வந்தா முன்வரிசையில நின்னு ஆடுற பசங்களுக்கு நான்தான் கோச்னு சொன்னார்."

"உன் வாயை அடைக்க வீசுன எலும்புடா அது!"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் சரின்னேன். எலும்போ எதுவோ, திரும்ப மைதானத்துல நின்னிருப்பேன்ல."

விசிலைக் கழற்றிக் கையில் சுற்றினான்.

"எவன்மா வெளிய சொன்னான்? தெரியுமா உனக்கு?"

அப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்டா" என்றேன். வண்டியில் சொல்லிப் பார்த்த குரல் வரவில்லை.